அறை ஒருவர் பெயரில், செலவு எல்லோர் பெயரிலும்

உறவினர்களோ நண்பர்களோ ஒன்றுசேர்ந்து ரிசோர்ட்டில் அறை எடுக்கும்போது, யாருடைய பெயரில் பதிவு இருக்கிறதோ, யாருடைய அட்டை முகப்பிடத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறதோ, அவர் ஒருவர்தான் அந்த விடுதிக்குக் கடன்பட்டவர். நமக்குள் நாம் என்ன பேசிக்கொண்டோம் என்பது விடுதிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. இதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பங்களில் இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கே எல்லோரும் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையை நான் ஒருமுறை கொடுத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நான்கு குடும்பங்கள் ஒரு தீவுக்குப் போனோம். கரையில் வாகனங்களை நிறுத்திவிட்டுப் படகேறினோம். நான்கு அறைகளையும் என் பெயரில் நான்தான் பதிவு செய்திருந்தேன். நாங்கள் நால்வர் ஓர் அறையிலும், மாமாவும் அத்தையும் ஓர் அறையிலும், சித்தி தன் மூன்று பிள்ளைகளோடு ஓர் அறையிலும், சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா மகளும் அவள் கணவரும் ஓர் அறையிலும் இரண்டு இரவுகள் தங்கினோம். ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 260 வெள்ளி (ரிங்கிட்). அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் தங்குமிடத்திற்கான சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது என்பதைப் பதிவு செய்யும்போது நானே மறந்திருந்தேன், ஆகவே எல்லோரிடமும் வரி சேர்க்காத தொகையையே சொல்லியிருந்தேன். அறை ஒன்றுக்கு இரண்டு இரவுகளுக்கு 520 என்று நான் சொன்னது 561 வெள்ளி 60 சென்னாக வந்து நின்றது. இது என் பிழை. பணம் வசூலிப்பவர் வரியைச் சேர்த்த கடைசித் தொகையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

புறப்படும் நாளன்று நண்பகலுக்கு முன் அறைகளை ஒப்படைக்க வேண்டும், ஒரு மணிப் படகைப் பிடிக்க வேண்டும், பிள்ளைகள் பைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முகப்பிடத்தில் இருந்த பெண் மிகப் பொறுமையாக என்னிடம் மூன்று தாள்களை நீட்டினார். அறை வாடகை 2,246 வெள்ளி 40 சென். சிங்கப்பூர்த் தங்கையின் அறைக்குச் சுற்றுலா வரி 20 வெள்ளி. அதற்குக் கீழே மற்றச் செலவுகள் என்று 638 வெள்ளி 70 சென். சித்தியின் அறையில் போட்ட கூடுதல் கட்டிலுக்கு 160, காணாமற்போன நீச்சல்குளத் துண்டு ஒன்றுக்கு 50, மீதி 428 வெள்ளி 70 சென் முழுவதும் உணவகத்திலும் குளத்தோரக் கடையிலும் என் அறை எண்ணில் எழுதப்பட்டிருந்தது.

அந்தச் சீட்டுகளை நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கார்பன் பட்ட மெல்லிய தாள்கள், ஓரத்தில் ஐஸ்கிரீம் ஈரம் காய்ந்த கறை. ஒரு சீட்டில் சித்தியின் பதினோரு வயது இளைய மகன், கையொப்பமிட வேண்டிய கோட்டின்மேல் தன் பெயரைத் தமிழில், பள்ளியில் உறுப்பெழுத்து எழுதுவதுபோல முழுதாக எழுதியிருந்தான். அறை எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவனுக்குத் தெரிந்த அறை எண் என்னுடையது. குழந்தைமேல் குற்றமில்லை. அறைக்கணக்கில் எழுதுவது என்றால் பணம் கொடுக்காமல் வாங்குவது அல்ல, அந்த எண்ணுக்கு உரியவர் பிறகு கொடுக்கப்போகிறார் என்பதைப் பெரியவர்களாகிய நாங்கள் யாரும் அவனுக்கு விளக்கவில்லை. எங்களுக்கு உரிய சாப்பாட்டுச் சீட்டுகள் 96 வெள்ளிதான். மீதி 332 வெள்ளி 70 சென் மற்ற மூன்று அறைகளுக்கும் உரியது. எந்தச் சீட்டு யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன், மாமா படகு நேரத்தை நினைவூட்டினார், நான் அட்டையை நீட்டிவிட்டேன்.

வீடு திரும்பியதும் குடும்பத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அறை வாடகையை மட்டும் எழுதினேன். கட்டிலையும் துண்டையும் சாப்பாட்டையும் எழுதவில்லை. கேட்டால் கணக்குப் பார்க்கிறாள் என்று சொல்வார்களோ என்ற அச்சம். வாடகைப் பணம் முழுவதும் வந்து சேரவே நான்கு மாதமாயிற்று. அந்த நான்கு மாதமும் நான் அவர்களிடம் முன்போலப் பேசவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் என் மகள் வழியாக அத்தைக்கு விஷயம் தெரிந்துபோனது. அன்று மாலையே பேருந்தேறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். “என்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேனேம்மா. சொல்லாம விட்டதுக்கு, இவ கொடுக்கமாட்டான்னு நினைச்சிட்டியா?” என்று கேட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தது அத்தைக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது, அவர்கள் நினைத்ததுதான் சரி.

சொந்தத்துக்குள் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் ரப்பர் தோட்டத்தை நினைவுபடுத்துகிறேன். அங்கே கணக்கில்லாத உறவு எது இருந்தது? தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும், கடையில் கடனாக வாங்குவதைக் குறித்துக்கொள்ள ஒரு 555 புத்தகம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு புத்தகத்தை அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். கடைக்காரர் தம்முடைய பெரிய புத்தகத்தில் எழுதும் அதே வரியை இதிலும் எழுதிக்கொடுப்பார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். மண்ணெண்ணெய், நெத்திலி, பால்டின் என்று பொருள்களை விரலால் தொட்டு எண்களைச் சரிபார்த்த பிறகுதான் படியிறங்குவார்கள். அந்தக் கடைக்காரர் எங்கள் வீட்டுத் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கணக்குப் பார்த்ததால் அந்த உறவில் ஒரு குறையும் வரவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. பால்மரம் சீவியவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்தபோது, தங்கள் பெயரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்பதை யாரும் சிறுமையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பதிவை ஒருவர் செய்தாலும், முகப்பிடத்தில் ஒவ்வோர் அறைக்கும் அந்த அறையில் தங்குபவரே தம் மைகாட்டை, அதாவது அடையாள அட்டையைக் கொடுத்து, வைப்புத் தொகையையும் (டெபாசிட்) தாமே கட்டட்டும். வாடகையை ஒருவரே கட்டுவதாக இருந்தால், வாடகை ஒரு கணக்காகவும் மற்றச் செலவுகள் அந்தந்த அறையின் தனிக் கணக்காகவும் இருக்க வேண்டும் என்று நுழையும்போதே கேட்டுவிட வேண்டும். கேட்டால் பெரும்பாலும் செய்துகொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் எல்லாம் ஒரே பெயரில்தான் போய்ச் சேரும். பிள்ளைகள் மிகுதியாக வரும் பயணமென்றால், அறைக்கணக்கில் எதையும் எழுதக்கூடாது, அவ்வப்போது பணம் கட்டிவிடுகிறோம் என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது. 30 வெள்ளி என்று பட்டியலில் இருக்கும் நாசி கோரேங், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் உணவுக்கான 6 விழுக்காடு வரியும் சேரும் இடத்தில் ஏறக்குறைய 35 வெள்ளியாகிவிடும். கையிலிருந்து கொடுக்கும்போதுதான் அது கண்ணில் படும்.

வைப்புத் தொகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் அடிபடுவது இளையவர்கள். கடன் அட்டையில் அந்தத் தொகையைப் பொதுவாக முடக்கி மட்டும் வைப்பார்கள். பற்று அட்டையில் அது வங்கிக் கணக்கிலிருந்தே போய்விடும், திரும்பி வர நாளாகும். அந்தத் தீவில் அறைக்கு 150 என்று நான்கு அறைகளுக்கும் 600 வெள்ளியை நான் பற்று அட்டையில் கொடுத்தேன், அது திரும்பி வருவதற்குள் மோட்டார் சைக்கிள் தவணை நாள் வந்துவிட்டது. எனக்கு இருபது ஆண்டு வேலை, சமாளித்தேன். முதல் வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம், “உன்கிட்டதானே அட்டை இருக்கு, நீயே போட்டுடு” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

எல்லாவற்றையும் தலைக்குச் சமமாகப் பிரிப்பது நியாயமல்ல என்பதே என் கருத்து. அறை வாடகை அறைக்கு, சாப்பாடு சாப்பிட்ட குடும்பத்துக்கு, படகுச் சவாரி ஏறிய தலைக்கு. கூடுதல் கட்டிலும், இருவருக்கு மேற்பட்டவர்களின் காலை உணவும் அந்த அறைக்கே. சுற்றுலா வரி 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்று வாங்கப்படுகிறது, மலேசியருக்கு இல்லை. ஆகவே அந்த 20 வெள்ளியை நான்காகப் பிரிக்கத் தேவையில்லை. வயதானவர்களின் செலவை ஏற்க விரும்புகிறவர் அதை முன்பே சொல்லித் தம் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும், மற்றவர்களின் பங்குக்குள் ஓசையில்லாமல் நுழைக்க வேண்டாம். கட்டணமின்றி விலகும் கடைசி நாள் கடந்த பிறகு ஒரு குடும்பம் வர முடியாமற்போனால் அந்த அறையின் பணம் அவர்களுடையதுதான். சாவும் நோயும் வேறு, அப்போது மற்றவர்கள் பங்கிட்டு ஏற்பதுதான் முறை. கடைசியாக, கணக்குத் தாளைப் புறப்படும் நாளன்று படகு அவசரத்தில் பார்க்காமல், முதல் நாள் இரவே அச்செடுத்து வாங்கி, எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படியுங்கள்.

இந்த ஆண்டு கேமரன் மலைக்குப் போவதாக இருக்கிறோம். பதிவு செய்யப்போவது என் தம்பி மகள், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இன்று காலை குழுவில், வரி சேர்ந்த தொகையை அறைவாரியாக எழுதி, முன்பணத்தை இந்த வாரத்துக்குள் அவளுடைய கணக்குக்கு அனுப்பிவிடும்படி கேட்டிருக்கிறேன். அத்தை முதல் ஆளாக அனுப்பிவிட்டு, ரசீதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். சித்தி இன்னும் பதில் எழுதவில்லை. மாலையில் நானே கூப்பிட்டுப் பேசப்போகிறேன்.