மூன்றில் ஒன்றை நான் வெளியே போடுவேன்

தேர்தல் பேச்சு வந்தாலே எங்கள் பெரியப்பாவுக்கு ஒரே பாட்டு: "சின்னக் கட்சிக்குப் போட்டா அது ஆத்துல போட்ட ஓட்டு. ப்ளாக்கா போடு, மூணும் ஒரே பக்கம்." ஆற்றில் போட்டாலும் அளந்து போடலாமே பெரியப்பா!

மொரீஷியஸில் நம் கையில் இருப்பது ஒரு ஓட்டு அல்ல. 20 தொகுதி, தொகுதிக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் போட்டே ஆக வேண்டும், இரண்டோடு நிறுத்தினால் சீட்டு செல்லாது. (ரோத்ரிக்ஸ் தீவுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு.) ஒற்றை ஓட்டு உள்ள நாட்டில் பெரிய கட்சியா சின்னக் கட்சியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளலாம். நமக்கு எதற்கு? கூப்பே-த்ரான்சே பண்ணிவிட்டுப் போகலாம், அதாவது மூன்றையும் வெவ்வேறு கட்சிக்குப் பிரித்துப் போடலாம்.

ஆனால் தெருமுனைக் கூடாரத்தில் பாட்டும் பிரியாணியும் வைத்து 'ப்ளாக், ப்ளாக்' என்று காதில் ஓதுகிறார்கள். பலன்? 1982, 1995, 2024 என்று மூன்று முறை இந்தத் தீவின் 60 இடங்களும் ஒரே அணிக்குப் போயின. 2024-ல் அந்த அணி வாங்கியது 60 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். தோற்ற ஆளுங்கூட்டணிக்கு பெஸ்ட் லூசர் (தோற்றவர்களில் சிலருக்குச் சமூகக் கணக்குப் பார்த்துத் தரும் கூடுதல் இடம்) வழியாக இரண்டே பேர். செவ்வாய்க்கிழமை சபையில் பிரதமரை எழுந்து கேள்வி கேட்க ஆள் வேண்டாமா?

பெரியப்பா கையில் வைத்திருக்கும் துருப்பு 2019. அந்த மும்முனைப் போட்டியில் பிரவிந்த் ஜக்நாத்தின் எம்.எஸ்.எம். கட்சிக் கூட்டணி சுமார் 37 சதவீதத்தில் ஆட்சியைப் பிடித்தது. தனியாக நின்ற எம்.எம்.எம். கட்சிக்கு 20 சதவீதம் கிடைத்தும் நேரடியாக வந்தது 8 இடம். ஓட்டு சிதறினால் இப்படித்தான் ஆகும், மறுக்க முடியாது. ஆனால் 1976-ஐ அவர் சொல்லமாட்டார். எம்.எம்.எம். 34 இடம், சீவூசாகுர் ராம்கூலமின் லேபர் கட்சி 28, சின்னக் கட்சியாக வந்த பி.எம்.எஸ்.டி. 8. அந்த எட்டுப் பேரை வைத்துத்தான் ராம்கூலம் பிரதமராக நீடித்தார்.

ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தெர்னாதிவ் என்ற சின்ன இடதுசாரிக் கட்சியையும் பாருங்கள். 2005-ல் வேட்புமனுவில் 'எந்தச் சமூகம்' என்ற கட்டத்தை நிரப்ப மாட்டோம் என்றார்கள், மனு தள்ளுபடி. விடவில்லை, ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2012-ல் குழு அவர்கள் பக்கம் நின்றது. 2014 தேர்தலுக்கு மட்டுமாவது அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திச் சட்டம் வந்தது. சபையில் ஒரு நாற்காலிகூட இல்லாமல் நடந்த வேலை இது! 2024-ல் கூட்டணிக்குள் போய் ஜெயித்தார்கள், அசோக் சுப்ரோன் அமைச்சரானார். பெரிய கட்சிகள் இரக்கப்பட்டா சேர்த்துக்கொண்டன? இத்தனை வருடம் 'வீணாய்ப் போன' ஓட்டுகளை எண்ணிப் பார்த்துத்தான் என்பது என் கணிப்பு.

சரி, யாரைக் கழிப்பது? பெரிய அணியின் மூன்று பெயரில் பெரும்பாலும் ஒருவர் போன தேர்தலில் வேறு சின்னத்தில் நின்றவராக இருப்பார். அவருக்குப் போக வேண்டிய ஓட்டைத்தான் நான் எடுத்துச் சின்னக் கட்சிக்குப் போடுவேன். அதனால் அவர் தோற்று எதிரணி ஆள் உள்ளே வரலாம். வரட்டும், கேள்வி கேட்க ஒருவர் ஆச்சு.

அதற்காகச் சின்னக் கட்சி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு போடுவதில்லை. தைப்பூசக் காவடிக்குக் கோயில் வாசலில் மாலையோடு நின்று போட்டோ எடுத்துவிட்டு, அப்புறம் மனுத்தாக்கல் அன்று மட்டும் முகம் காட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு. அவர்களுக்கு என் மூன்றாவது ஓட்டும் கிடையாது.