சரளைப் பாதைக்கு இது ஒத்துவராது
"டிராக்டரின் பின்பக்க பிளேடைத் தரையோடு படியவிட்டுப் பனியை இழுத்தால் போதும்" என்று வீட்டுப் பாதையில் பனி அகற்றுவது பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது தார்ப் பாதைக்குச் சரி, சரளைக்கு இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் எங்கள் வீட்டுப் பாதை முழுக்கச் சரளைதான். முதல் வருடம் நவம்பரில், தரை இன்னும் உறையாதபோது அப்படித்தான் ஓட்டினேன். ஜல்லியில் பாதி பனியோடு புல்வெளிக்குப் போய்விட்டது, ஏப்ரல் முழுக்க அதை வாரிக்கொண்டிருந்தேன். இப்போது தரை இறுகும்வரை ஸ்கிட் ஷூ (பிளேடைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடிக்கும் சறுக்குக் கால்) இல்லாமல் இறங்குவதே இல்லை. சமமான கான்கிரீட்டில் வண்டியை நிறுத்தி, பிளேடைத் தாங்கித் தூக்கும் இரு கைகளில் வலது பக்கத்ததின், அதாவது வலது லிஃப்ட் ஆர்மின், கைப்பிடியைச் சுற்றி பிளேடை இடவலம் மட்டமாக்குவேன். அப்புறம் பிளேடின் கீழ் விளிம்பான வெட்டு விளிம்புக்கு அடியில் 1 அங்குலப் பலகை வைத்து பிளேடை அதன்மேல் இறக்கி, ஷூவைத் தரை தொடும்படி விட்டு முடுக்குவேன். ஷூ இல்லையென்றால் பிளேடை 180 டிகிரி திருப்பி, முதுகுப் பக்கம் முன்னால் இருக்கும்படி இழுத்துப் பாருங்கள். விளிம்பு கல்லைக் கொத்தாமல் வழுக்கிப் போகும். பனி கொஞ்சம் மிச்சமிருக்கும், பரவாயில்லை. மேலே 6 அடி பிளேடு போதுமா என்று கேட்டிருக்கும் நண்பருக்கு: பனியை ஓரம் தள்ள 30 டிகிரி கோணத்தில் வைத்தால் அது சுமார் 5.2 அடி அகலம்தான் வழிக்கும். பின் டயர்களின் வெளிப்புற அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் தள்ளிய பனிமேலேயே டயர் ஏறும்.