ஆசைப்படுங்கள், ஆனால் அளந்து சொல்லுங்கள்

டிசம்பர் பிறந்தால் போதும், லண்டனில் ஒரு கூட்டத்துக்குத் தூக்கம் போய்விடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஸ்னோ விழுமா விழாதா என்று தெரிந்துகொள்ளவே வானிலை படித்தவர்கள் நாங்கள். பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. "நைட் ஷிஃப்ட் முடிந்து நான் எப்படி வீடு வந்து சேர்வது? இதற்குப் போய் வேண்டிக்கொள்கிறீர்களே" என்று மனைவி கேட்பது நியாயம்தான். 2009 பிப்ரவரி 2 காலையில் இந்த ஊரில் பஸ்ஸே ஓடவில்லை. ஆனால் நாங்கள் வேண்டிக்கொண்டதால் ஒரு துகள்கூட விழுந்ததில்லை, வேண்டாமலிருந்ததால் நின்றதும் இல்லை. ஆசையால் கெடுதல் கிடையாது. ஆசையோடு பார்க்கும் கண், இல்லாததைப் பார்த்துவிட்டு வந்து ஊருக்கெல்லாம் சொல்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்காதது.

லண்டனுக்கு ஸ்னோ வருவது லேசுப்பட்ட காரியமில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்து ஈரமான, மிதமான மேற்குக் காற்று வீசும். அது கொண்டுவருவது மழை. நமக்கு வேண்டியது ரஷ்யா பக்கமிருந்து ஐரோப்பாவைக் கடந்து வரும் கிழக்குக் காற்று. அந்த உறைகாற்று வடகடல் மீது வரும்போது, அதைவிடச் சூடான கடல்நீரிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கி மேகமாகத் திரளும். காற்றின் திசை சரியாக அமைந்தால் அந்த மேகங்கள் வரிசைகட்டி தேம்ஸ் முகத்துவாரம் வழியாக நேரே ஊருக்குள் நுழையும். எங்கள் ஆட்கள் அதைத் 'தேம்ஸ் ஸ்ட்ரீமர்' என்பார்கள். அந்த வரிசைக்குள் இருக்கும் தெருவில் ஸ்னோ கொட்டித் தீர்க்கும். சில மைல் தள்ளி நட்சத்திரம் தெரியும். திசை கொஞ்சம் மாறினால் தென்கிழக்கே பக்கத்து மாவட்டமான கென்ட்காரர்களுக்கு யோகம், நமக்கு வெறும் குளிர்.

இதைத்தான் இரண்டு வாரத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்! அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல், அதாவது கம்ப்யூட்டர் போடும் வானிலைக் கணிப்பு, ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் 384 மணிநேரம் வரைக்கும் படம் போட்டுக் காட்டுகிறது. அதாவது 16 நாள். ராத்திரி பத்து மணி வாக்கில் வரும் ஓட்டத்துக்குப் 'பப் ரன்' என்று பட்டப்பெயர். ஆட்கள் பப்பிலிருந்து வீடு திரும்பும் நேரத்தில் வருகிறது, அதுவும் தண்ணி போட்டதுபோல உளறுகிறது என்று கிண்டல். அதில் பத்தாவது நாளில் இங்கிலாந்து முழுக்க ஊதா நிறத்தில் உறைந்து கிடக்கும். மறுநாள் காலை ஓட்டத்தில் அந்த ஊதா போன இடம் தெரியாது.

இதற்குள் அந்தப் படத்தை ஆயிரம் பேர் பகிர்ந்திருப்பார்கள். இங்கேதான் என் சண்டை. ரெடிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி 51 கணிப்புகள் போடுகிறது. அதில் நாற்பத்தெட்டு மழை என்கிறது, மூன்று ஸ்னோ என்கிறது என்று வையுங்கள். அந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டு 'ரெடியாக இருங்கள் மக்களே' என்று எழுதினால் அது கணிப்பே இல்லை. 51 கொடுப்பதே எவ்வளவு நிச்சயமில்லை என்று நமக்குக் காட்டத்தான். சில பத்திரிகைகள் இந்த வித்தையை வைத்தே குளிர்காலம் பூராவும் பிழைப்பு நடத்துகின்றன. பொழுதுபோக்காகப் பார்க்கும் நாமாவது அதைச் செய்யாமல் இருக்கலாம். நமக்கு என்ன, விற்பனையா குறையப்போகிறது?

அடுத்தது 'ஸ்ட்ராட்டோஸ்பியர் சூடாகிவிட்டது' என்ற பரபரப்பு. தரைக்கு மேல் சுமார் 30 கிலோமீட்டரில், வடதுருவத்துக்கு மேலே சில நாட்களுக்குள் வெப்பநிலை இருந்ததைவிட 50 டிகிரி வரைக்கும் கூடிவிடும். அங்கே மேற்கிலிருந்து சுற்றும் காற்று தளரும், சில நேரம் எதிர்த்திசைக்கே திரும்பும். அதன் பாதிப்பு கீழே இறங்கி வந்தால் நமக்கு அந்தக் கிழக்குக் காற்று கிடைக்கலாம். 2018 பிப்ரவரி நடுவில் அப்படி நடந்தது. மாதக் கடைசியில் 'பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்' என்று பெயர் வைத்த கடுங்குளிர் வந்து நாட்டையே முடக்கியது. அன்றிலிருந்து இந்தச் செய்தி காதில் விழுந்தாலே எங்கள் ஆட்கள் ஸ்னோவில் சறுக்கும் ஸ்லெட்ஜை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் 2019 ஜனவரி தொடக்கத்திலும் அதே மாதிரிதான் மேலே சூடானது. தெற்கில் சில இடங்களில் ஸ்னோ விழுந்தது, ஆனால் 2018 போல நாடு முடங்கவில்லை. அந்த பிப்ரவரி 26 அன்று இதே லண்டனில், கியூ தோட்டத்தில், 21.2 டிகிரி பதிவானது. பிரிட்டனில் அதுவரை எந்தக் குளிர்காலத்திலும் பார்க்காத வெப்பம். சரியாக ஒரு வருடம் முன்னால் அதே வாரத்தில் உறைந்துகொண்டிருந்தோம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் 2018ஐ மட்டும் சொல்கிறவர் பேச்சை நான் கேட்பதில்லை.

உண்மையில் சுவாரசியம் கடைசி ஆறு மணிநேரத்தில்தான் இருக்கிறது. மாடலை மூடிவிட்டு ரேடாரையும், டியூ பாயிண்டையும் (காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் வெப்பநிலை அளவு), ஜன்னலையும் பாருங்கள். தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டினாலும் காற்று காய்ந்திருந்தால் ஸ்னோ விழலாம். விழும் துகள் கொஞ்சம் ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கும். அடர்த்தியாகப் பொழிந்தால், உருகும் துகள்களே காற்றின் வெப்பத்தை உறிஞ்சி, மழையாக இருந்ததைச் சட்டென்று ஸ்னோவாக மாற்றிவிடும். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்த மாற்றத்தைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே! சென்னையில் இருந்தபோது வடகிழக்குப் பருவமழைக்கு ரேடார் பார்த்துக் கண் விழித்த அதே கிறுக்குதான். என்ன, அங்கே மொட்டை மாடி, இங்கே ஜன்னல் ஓரம்.

பிரச்சினை மறுநாள் காலையில். மழையும் ஸ்னோவும் கலந்து விழுந்ததை எல்லாம் 'ஸ்னோ' என்று எழுதுகிறார்கள். கார் மேல் கிடப்பதை அளந்து எட்டு சென்டிமீட்டர் என்கிறார்கள். புல்தரையில் மூன்றுகூட இருக்காது. பிரிட்டிஷ் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் கணக்கே தனி. காலை 9 மணிக்குத் தரையில் பாதிக்கு மேல் மூடியிருந்தால்தான் 'ஸ்னோ கிடந்த நாள்'. ஆனால் 'வைட் கிறிஸ்துமஸ்' என்று சொல்ல மட்டும், கிறிஸ்துமஸ் அன்று நாட்டில் எங்கேயாவது ஒரே ஒரு துகள் விழுந்தாலே போதும். 2023 இப்படித்தான் வைட் கிறிஸ்துமஸ் ஆனது. தரையில் ஸ்னோ கிடந்ததாகச் சொன்ன நிலையம் ஒன்றுகூட இல்லை. அதைக் கேட்டு எங்கள் தமிழ்க்கடை அண்ணை, "அப்ப ஸ்கொட்லாந்து மலையில ஒரு துளி விழுந்தா எனக்கும் கொண்டாட்டமோ?" என்றார்.

உங்கள் அளவு வெறும் விளையாட்டு இல்லை. அதிகாரபூர்வ நிலையங்கள் தூரத்தூரமாக இருக்கின்றன. ஹாரோ மேட்டில் வெள்ளையாகக் கிடந்து, ஈஸ்ட்ஹாமில் ஈரமாக மட்டும் இருந்தது என்பதை அங்கங்கே இருக்கிறவர்கள்தான் சொல்ல முடியும். அதனால் இந்த வருடம் ஸ்னோ வந்தால் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். சுவரோரம் வேண்டாம், காற்று குவித்த இடம் வேண்டாம். திறந்த புல்தரையில் மூன்று நான்கு இடம் அளந்து சராசரி போடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் 'விழவில்லை' என்றும் போடுங்கள், அதற்கும் லைக் போட நான் இருக்கிறேன்.