அலை இல்லாத ஊரில் ஒரு மே மாதம்

அக்கா குடும்பம் சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தது. மருமகனுக்கு 12 வயது. ஏப்ரலில்தான் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் மூன்று நாள் சர்ஃபிங் வகுப்புக்குப் போயிருக்கிறான். ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கிப் பையைக்கூட என்னிடம் கொடுக்கவில்லை, "மாமா, இங்க எந்த பீச்ல அலை நல்லா வரும்?" என்றான்.

எந்த பீச்சிலும் வராது என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் ஏறக்குறைய கால் பங்கு எங்கள் மாவட்டம். இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு பலகையில் ஏறி நிற்க ஒரு அலை இல்லை என்றால் எந்தப் பையன் நம்புவான்?

காரில் வரும்போது விளக்கினேன். சர்ஃபிங்குக்கு வேண்டிய அலை கரையில் பிறப்பதில்லை. எங்கேயோ நடுக்கடலில் காற்று கிளப்பிவிட்டது, வழியில் தடை இல்லாமல் உருண்டு வந்து, கரையோரம் ஆழம் குறையும்போது எழும்பி மடிகிறது. கோவளத்துக்கு எதிரே வங்காள விரிகுடா திறந்து கிடக்கிறது. எங்களுக்கு எதிரே இலங்கை படுத்திருக்கிறது. வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, ஆழமே இல்லாத கடல். தெற்கே மன்னார் வளைகுடாவில் அலை உண்டு, ஆனால் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளும் பவளப்பாறைகளும் வரிசையாக நின்று பாதியை வாங்கிக்கொள்ளும். வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் ராமேஸ்வரத்தில் சொல்வார்கள். அது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களுக்குத்தான் பொருந்தும். வடகிழக்கு வாடை திரும்பிவிட்டால் பெண் கடல் போடும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். "பொம்பளைக்குக் கோபம் வராதுன்னு எவன் சொன்னான்" என்பாள் எங்கள் அப்பத்தா.

அலைதான் இல்லையே தவிர காற்றுக்குப் பஞ்சமில்லை. பிரப்பன்வலசைப் பக்கம் பெரிய பட்டம் போல ஒன்றைக் காற்றில் விட்டு, அது இழுக்க இழுக்கப் பலகையில் வழுக்கிப் போகும் கைட் சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள். மருமகனுக்கு ஆசைதான். செலவைக் கேட்டதும் மச்சான் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சரி, காலையில் அரியமான். குஷி பீச் என்றும் பெயர். சவுக்குத் தோப்பு நிழல், கணுக்கால் தண்ணீரில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு வராத கடல். பையன் கால் மணி நேரத்தில் சலித்துப்போனான். எனக்கென்னவோ அதைவிடச் சுகமான மே மாதக் காலை கிடையாது. நுங்கு வாங்கினோம். பனை ஓலைப் பட்டையில் பதநீர் குடிக்கத் தெரியாமல் அக்கா மகள் சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டாள். மதியம் வீட்டில் நகரை மீன் குழம்பு. விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகில் வருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறிக் கிடந்தது.

சாயங்காலம் தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போனோம். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-இல் திறந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவே நூல் பிடித்தது போல ரோடு. அழகுதான், மறுக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் எதிரே தண்ணீர். நாங்கள் போன அன்று இருநூறு பேராவது இருப்பார்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

நானும் அந்த ரகம்தான், ஒளிப்பானேன். "முழங்கால் வரைக்கும்தான்" என்று மருமகனை விட்டேன். கோவளத்தில் அலையில் நின்றவன், அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றான். திடீரென்று காலடி மணல் பறிந்து உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பளவு. அலை ஒன்றுமில்லை, பார்க்கத் தண்ணீர் சும்மா கிடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் பையன் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறான். எனக்குக் கால் ஓடவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "யோவ், புள்ளைய வெளிய இழுய்யா!" சங்கு, பாசி விற்கும் கடையில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துவிட்டார். ஒரு செருப்பு போயிற்று, அவ்வளவுதான்.

பிறகு அவர் திட்டினார் பாருங்கள். இரண்டு கடலும் முட்டுகிற இடம், அடியில் ஆறு மாதிரி ஓடும், நேற்று மணல் இருந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும், "படிச்ச ஆளுங்க மாதிரி இருக்கீங்க". வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். அதே பையன், அதே வயது. கோவளத்தில் அவனைவிட உயரமான அலைக்குள் மூன்று நாள் இருந்தான், அக்கா கரையில் நிம்மதியாகக் காபி குடித்தாள். ஏன்? அங்கே முதல் நாள் அரை மணி நேரம் தண்ணீரிலேயே இறக்கவில்லையாம். மணலில் பலகையைப் போட்டுப் படுக்கவும் எழவும் பழக்கியிருக்கிறார்கள். கணுக்காலில் பலகையோடு சேர்த்துக் கயிறு. இழுத்துக்கொண்டு போனால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வா என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடல்காற்று ஏறி அலை கலங்குவதற்கு முன் காலையிலேயே வகுப்பை முடித்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மீனவப் பிள்ளைகள். அங்கே சர்ஃபிங் பள்ளியைத் தொடங்கிய மூர்த்தி மேகவனே மீனவர்தான். அலையேறுகிற பையன்கள் எந்நேரமும் தண்ணீரில் கிடக்கும் ஊரில், மூழ்குகிறவனைப் பார்க்க நாலு கண்ணாவது இருக்கும்.

எங்கள் முனையிலும் ஒரு காலத்தில் அந்தக் கண் இருந்தது. ரோடு வருவதற்கு முன் தனுஷ்கோடிக்கு வேனில்தான் போக முடியும், மணலிலும் சேற்றிலும் குலுங்கிக் குலுங்கி. ஓட்டுபவர் உள்ளூர்க்காரர். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். யாராவது தண்ணீரில் தூரமாக இறங்கினால் ஹாரன் அடிப்பார், திட்டுவார், "வண்டிய எடுக்கப் போறேன்" என்று மிரட்டுவார். அவருக்கு உயிர்காக்கும் வேலை என்று யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ரோடு வந்தது, அவரவர் காரில் அவரவர் வருகிறோம், திட்ட ஆள் இல்லை. ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோடு போட்டவர்கள் அந்த வேன்காரர் செய்த இன்னொரு வேலையை யார் தலையில் வைப்பது என்று யோசிக்கவில்லை என்கிறேன்.

ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. அதில் வேலைக்குப் போகும் இளவட்டங்கள் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் வலையைத் தைத்துக்கொண்டு, பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நிவாரணம் வருகிறது, அது எத்தனை நாளைக்குக் காணும்? பள்ளிக்கூட லீவும் அதே 61 நாளுக்குள்தான் வருகிறது. கூட்டமும் அப்போதுதான். கடலைக் கையில் வைத்திருப்பவர்கள் வேலையில்லாமல் இருக்கும் அதே நாட்களில், கடல் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறோம். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க என்ன பெரிய திட்டம் வேண்டும்? அரிச்சல்முனையில் ஆறு பேர், அரியமானில் நாலு பேர். நாள் சம்பளம், முதலுதவிப் பயிற்சி, விசில், மிதவை, கரையிலிருந்து படுத்தபடி துடுப்புப்போட்டுப் போக ஒரு பலகை. அலை இல்லாத ஊரில் சர்ஃப் பலகைக்கு இந்த வேலை போதும்.

செல்ஃபி எடுக்கும் இடத்துக்கு ஊர் பெயரை வண்ண எழுத்தில் நிறுத்துவதற்கு எங்கும் பணம் கிடைக்கிறது. இதற்கும் கிடைக்கும்.

அந்தக் கடைக்கார அண்ணன் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. மறுநாள் போனேன், கடை அடைத்திருந்தது. மருமகன் சென்னைக்குப் போய் இரண்டு வாரமாகிறது. நேற்று போனில், "மாமா, கச்சான் எப்ப முடியும்?" என்றான். முதலில் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டுப் போன் பண்ணு என்றேன். அக்கா பக்கத்தில் நின்று சிரிப்பது கேட்டது.