எதைத் தேர்ந்து வெட்டுவது?

மரங்களை மொத்தமாக வெட்டுவதைவிடத் தேர்ந்து வெட்டுவதே காட்டுக்கு நல்லது என்று உங்கள் கட்டுரையில் ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். எதைத் தேர்ந்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நேரான, பருத்த மரங்களாகப் பார்த்துச் சாய்த்துவிட்டுக் கோணலும் நோஞ்சானுமாக விட்டுவைத்தால், அடுத்த தலைமுறைக்கு விதை போடப்போவது அவைதான். மர நெருக்கத்தைக் குறைக்கும் ‘கலைத்தல்’ இதற்கு நேர் எதிர்: நோஞ்சான்களை எடுத்து, நல்ல மரத்துக்கு வெளிச்சமும் இடமும் விடுவது.

அப்புறம், கொடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! வெப்பமண்டலக் காடுகளில் மரத்துக்கு மரம் தடித்த கொடிகள் பின்னிக் கிடக்கும். ஒன்றைச் சாய்த்தால் பக்கத்து மரத்தின் கிளைகளையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். அதனால் முறையாகச் செய்கிறவர்கள் அறுவடைக்குப் பல மாதங்கள் முன்பே கொடிகளை அறுத்துவிடுவார்கள். வெட்டிய மரத்தை இழுத்துவரும் தடத்தையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் கண்டபடி ஓடி மண்ணை இறுக்கி, இளங்கன்றுகளையும் நசுக்கிவிடும்.