அந்த ஒரு வரி

மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தி நான்காம் நாள் ராத்திரி. புரண்டு படுத்தேன். கண்ணை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பியதும் தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. ஒரு நொடிதான். மறுபடி கண்ணை அசைத்தேன், மறுபடி அடித்தது. விடியும்வரை கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த நாள் தலைசுற்றல், காரணமே இல்லாத அழுகை, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவது. டாக்டருக்கு போன் செய்தால், "நோய் திரும்ப வருது. மாத்திரை உங்களுக்கு வாழ்நாள் முழுக்க வேணும்" என்றார்.

அக்காதான் அட்டைப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்த தாளை எடுத்து விரித்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "டேய், இங்க வா. நீ சொல்றது அப்படியே போட்டிருக்குடா. திடீர்னு நிறுத்தினா கரண்ட் பாயுற மாதிரி இருக்கலாமாம்."

உடைந்து அழுதுவிட்டேன். நானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரைதான் என்னைக் குளிக்க வைத்தது, சாப்பிட வைத்தது, வேலைக்கு அனுப்பியது. மாத்திரை மேல் எனக்குக் கோபமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரேயடியாக நிறுத்தியதுதான் நான் செய்த தப்பு. நான் சாப்பிட்டது பராக்ஸிடின். அது உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் உடம்பில் நிறைய நாள் தங்குகிற ஃப்ளூவாக்ஸிடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை விடுவதைவிட இதை விடுவது கஷ்டம். இதை எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல் விடுவதுதான் என் கோபம். மருந்து நிறுவனங்கள் மேல் போட்ட வழக்குகளைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். 'இந்த மருந்து கெட்டதா?' என்ற கேள்வியைவிட, 'உனக்குத் தெரிந்ததை ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்விதான் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

'ஸ்டடி 329' என்று ஓர் ஆய்வு. இதே பராக்ஸிடினை மனச்சோர்வு இருந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 275 பேர். நன்றாக வேலை செய்கிறது, பெரிய பிரச்சினை இல்லை என்று 2001இல் கட்டுரை வந்தது. ஆனால் பலன் நிரூபணமாகவில்லை என்று வெளியே சொல்வது வணிக ரீதியில் ஏற்க முடியாதது என்று 1998லேயே மருந்தைத் தயாரித்த நிறுவனத்துக்குள் எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு வந்த தற்கொலை எண்ணங்களையும் முயற்சிகளையும் 'உணர்ச்சித் தடுமாற்றம்' என்ற தலைப்பில் போட்டுவைத்தார்கள். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஒரு பிள்ளை சாக நினைத்திருக்கிறது, அட்டவணையில் அதற்குப் பெயர் தடுமாற்றம். 2015இல் வேறு ஆய்வாளர்கள் மூலத் தரவுகளை எடுத்து மறுபடி அலசி, பலனும் இல்லை, ஆபத்தும் கூடுதல் என்று எழுதினார்கள். இடையில் 14 வருடம்!

2004இல் நியூயார்க் மாநில அரசு வழக்குத் தொடர்ந்தது. பராக்ஸிடினின் மூல நிறுவனமான கிளாக்ஸோஸ்மித்க்ளைன் 25 லட்சம் டாலர் கட்டி, ஆய்வு முடிவுகளைப் பொதுவில் வைக்க ஒப்புக்கொண்டது. 2012இல் அமெரிக்க அரசோடு 300 கோடி டாலருக்குச் சமரசம். அதில் வேறு மருந்துகளும் உண்டு, பராக்ஸிடினைப் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கத் தூண்டியதும் உண்டு.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முன்னால் போய் நின்று பேசினார்கள். அந்த வருடம் அக்டோபரில்தான் மனச்சோர்வு மருந்துகளின் தாளில் பிள்ளைகளுக்கான தற்கொலை ஆபத்து பற்றிக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை உத்தரவானது. எஃப்டிஏ அலசிய ஆய்வுகளில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து சாப்பிட்ட பிள்ளைகளில் 100க்கு 4 பேருக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. அந்த ஆய்வுகளில் யாரும் இறக்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2007இல் அந்த எச்சரிக்கை 24 வயதுவரை நீண்டது.

வழக்கு போட்டால் ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மனச்சோர்வே தற்கொலை எண்ணத்தைக் கொண்டுவரும் நோய். நோய் செய்ததா, மருந்து செய்ததா என்று பிரித்து நிரூபிப்பது யாருக்குமே பெரும்பாடு. சிகாகோவில் ஒரு வழக்கு. கணவர் பராக்ஸிடின் சாப்பிடத் தொடங்கிய சில நாளில் ரயில் முன் விழுந்தார். அவர் சாப்பிட்டது மூல நிறுவனத்தின் மாத்திரை அல்ல, அதே மருந்தை வேறு கம்பெனி தயாரித்து விற்ற ஜெனரிக். ஆனால் 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜெனரிக் கம்பெனிகளை எச்சரிக்கைக் குறைபாட்டுக்காகப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மூல மருந்தின் லேபிளை அப்படியே அச்சடிப்பதுதானே அவர்கள் வேலை என்பது காரணம். அதனால் மனைவி மூல நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2017இல் ஜூரி 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அடுத்த வருடமே மேல்முறையீட்டில் அது ரத்து. பெரியவர்களுக்கான எச்சரிக்கையைச் சேர்க்க எஃப்டிஏவே சம்மதித்திருக்காது என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

அந்த வாதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டத்துக்குள் நின்று பார்த்தால் புரிகிறது. ஆனால் தயாரித்தவரையும் கேட்க முடியாது, எழுதியவரையும் கேட்க முடியாது என்றால் அந்த அம்மா யாரிடம் போய்க் கேட்பார்? ஜெனரிக் சாப்பிடுகிறவர்களின் உயிருக்கும் யாராவது ஒருவர் பொறுப்பேற்கிற மாதிரி சட்டம் மாற வேண்டும்.

வழக்குகளால் நோயாளிகள் பயந்து மருந்தைவிட்டுவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னை மருந்துக்குப் பயப்பட வைத்தது எந்த வழக்கும் இல்லை. கண்ணை அசைக்கக்கூட முடியாமல் கிடந்த அந்த ராத்திரிதான்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அக்கா அந்த வரியைக் காட்டினாள். படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பழைய டோஸையே மறுபடி எழுதி, அங்கிருந்து சிறுகச் சிறுகக் குறைக்கலாம் என்றார். முழுதாக விட எனக்குப் பதினோரு மாதம் ஆனது. கடைசி மாதங்களில் மாத்திரையை அதற்கு மேல் உடைக்க முடியாமல் திரவமாக வாங்கி, அக்கா தினமும் சிரிஞ்சில் அளந்து கொடுத்தாள்.