அடைப்பு குறைவு என்றால் ஆபத்தும் குறைவா?
கழுத்து ரத்தக்குழாயில் பாதிக்கும் குறைவான அடைப்பு என்றால் மாத்திரையே போதும் என்று பக்கவாதம் பற்றிய இந்தக் கட்டுரை பொதுவாகச் சொல்லிவிட்டது. கொழுப்புப் படிவுக்கு அது பெரும்பாலும் சரி, 'கரோட்டிட் வெப்'புக்குப் பொருந்தாது. இந்த வெப் என்பது மூளைக்குப் போகும் குழாய் கழுத்தில் பிரியும் இடத்தில், உட்சுவரிலிருந்து அலமாரிப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நார்த்திசு. குழாயைப் பெரிதாகச் சுருக்காது. ஆனால் அதற்கு மேற்பக்கம் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும், எங்களுக்கு நங்கையா முறையாகும் உறவினருக்கு இதுதான். நாற்பதுகூட ஆகவில்லை, சுகர், பிரஷர் ஒன்றும் கிடையாது. பக்கவாதம் வந்து முதலில் காட்டிய இடத்தில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) பார்த்துவிட்டு 'கழுத்து நார்மல்' என்று ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் மறுபடி வலது கை விழுந்துவிட்டது. கோயமுத்தூரில் சிடி ஆஞ்சியோ (மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சிடி ஸ்கேன்) எடுத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. கழுத்தைத் திறந்து அந்தத் திசுவை உள்சுவரோடு உரித்தெடுத்தார்கள். ஸ்டென்ட் வைப்பதும் உண்டாம், வயதைப் பார்த்து அறுவை சிகிச்சையே என்றார் டாக்டர். மேலே 'சின்ன வயசு ஸ்ட்ரோக் எல்லாம் டென்ஷன்தான்' என்று எழுதியிருக்கும் நண்பரே, காரணம் தெரியாத பக்கவாதம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் டென்ஷன் என்று விட்டுவிடாதீங்க, சிடி ஆஞ்சியோ எடுத்தாச்சா என்று கேளுங்க.